இசக்கிக்குப் போட்ட பொன்னாடை

இந்த ஷீல்டையா பாக்கிய, அண்ணாச்சி? பாருங்க, பாருங்க. மடியில வச்சிருந்தா பஸ்ஸுல எல்லாவனும் பாக்கத்தான் செய்வான். மேல கம்பியில வைக்க இடமில்ல. கீழ வைக்கலாம்னா எவனாவது வாந்தி எடுத்து வச்சிருப்பான். நம்ம பஸ்ஸு லட்சணம்தான் தெரியுமே.

"சிறந்த மனிதநேயச் செய்தியாளர்"னு போட்டிருக்கா? அதுக்குக் கீழ பொடிசா இருக்கே, தவசிலிங்கம், அது நான்தான். விழாவுக்குத் துட்டு கொடுத்த கல்யாண மண்டபத்துப் பேரை எவ்வளவு பெருசா போட்டிருக்கான் பாத்தியளா? என் பேரை வாசிக்கணும்னா கண்ணாடி போடணும். கையில வாங்கிப் பாருங்க. கனமே இல்ல, பூராவும் பிளாஸ்டிக்கு. சீ, எழுத்துக்காரனுக்கு இந்த நாட்டுல இம்புட்டுத்தான் மரியாதை.

காலையில திருநெல்வேலியில ஒரு நற்பணி மன்றத்துல கொடுத்தாங்க. சந்தோஷமா இருக்க வேண்டிய நாளு. ஆனா சொல்லுதேன், அந்த நாளையே கெடுத்துட்டாங்க. மத்தியானம் போட்ட பிரியாணி சரியில்ல, டால்டா மணம். அதை விட மோசம் அங்கன நடந்த கூத்து. நீங்க தென்காசியா? அப்பம் நேரம் கிடக்கு. சொன்னாத்தான் எனக்கும் ஆறும்.

பத்திரிகையில எப்படி வந்தியன்னு எல்லாரும் கேப்பாங்க. நான் வரல அண்ணாச்சி, அது என்னை இழுத்துட்டு வந்துச்சு. எனக்கு அப்பம் பன்னிரண்டு வயசு. எங்க ஊரு மேலப்பேரி. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வாரேன், ரோட்டுல ஒரு லாரி ஆட்டை அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். ரத்தம், ஈ, நாலு பேரு கூடி நிக்காங்க. வேற எவனா இருந்தாலும் பாத்துட்டு வீட்டுக்குப் போய் சோறு தின்னிருப்பான். என்னால முடியல. ராத்திரி நோட்டை எடுத்து எழுதிட்டேன். ஆடு ரோட்டைக் கடந்தது எதுக்கு? அந்தப் பக்கம் வேலியில அதோட குட்டி நிக்கு, பாலுக்குக் கத்துது. தாய் ஓடுது. லாரி வருது. கடைசி வரியில குட்டி வந்து செத்த தாயோட மடியை முட்டுது. எழுதி முடிக்கையில எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு.

அதை ஒரு வாரப் பத்திரிகையில சிறுவர் பக்கத்துக்கு அனுப்பினேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்துட்டு அண்ணாச்சி! "ச. தவசிலிங்கம், ஏழாம் வகுப்பு, மேலப்பேரி". பேரை அச்சுல பாத்த அந்த நிமிஷம் இருக்கே, அதைச் சொல்ல முடியாது. எங்கம்மா அந்தப் பக்கத்தை வெட்டி பீரோ கண்ணாடியில ஒட்டி வச்சா. பெறவு முகம் பாக்கணும்னா குனிஞ்சுதான் பாக்கணும்.

அதுலயும் ஒருத்தன் வந்தான் பாருங்க, சண்டைக்கு. ஆட்டுக்காரன் கோயில்பிச்சை. வீட்டு வாசல்ல நின்னு, "ஏல, குட்டி எங்கல இருந்துச்சு? அது கிடாடா! கிடாவுக்கு எங்கல மடி?"ன்னு ஒரே சத்தம். தெருவே சிரிக்கி. எங்கம்மா பதிலுக்கு என்ன சொன்னா தெரியுமா? "எம்பிள்ள எழுதினது பேப்பர்ல வந்திருக்கு. உன் கிடா பேப்பர்ல வந்திருக்கா?" அவன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். எனக்கு அன்னைக்கே புரிஞ்சு போச்சு, எழுதத் தெரியாதவன் எதுக்கும் இப்படித்தான் வந்து நிப்பான்னு.

பெறவு நிக்கலையே. கல்யாண வாழ்த்து மடலா, தவசிகிட்டப் போ. கண்ணீர் அஞ்சலி போஸ்டரா, தவசிகிட்டப் போ. ரோடு சரியில்லன்னு கலெக்டருக்கு மனுவா, அதுக்கும் தவசிதான். நான் மனு எழுதினா அந்த ரோட்டுல ஒரு கர்ப்பிணி கண்டிப்பா விழுந்திருப்பா. ரோடு போட்டுட்டானே! அப்பம் அது நல்லதா கெட்டதா, நீங்களே சொல்லுங்க.

டிகிரி முடிச்சதும் ஒரு பத்திரிகையில பகுதி நேர நிருபர். பதினெட்டு வருஷம் ஆச்சு. இப்பம் டிவிக்கும் நான்தான் கொடுக்கேன். எங்க வேலை எப்படின்னு வெளிய உள்ளவங்களுக்குத் தெரியாது. சொன்னா சிரிப்பிய. எங்க தாலுகாவுக்கு அஞ்சு பத்திரிகை, அஞ்சு நிருபர். தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்புல டீக்கடை, அதுதான் எங்க ஆபீஸு. ஒரு விபத்து, ஒரு போராட்டம்னா அஞ்சு பேரும் போக மாட்டோம். ஒருத்தன் போவான், அவனே எழுதுவான். எழுதினதை வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டா மத்த நாலு பேரும் எடுத்து அவனவன் பேப்பருக்கு அனுப்பிருவான். ஒரு கமாவைக் கூட மாத்த மாட்டான், சோம்பேறி நாய்ங்க. போகிறவன் யாருன்னு கேக்கியளா? பதினெட்டு வருஷமா நான்தான். "தவசி எழுதினா உயிர் இருக்கும்டே"ம்பான் ஜான்பீட்டரு. அவன் பிறத்தியான் எழுத்தைத் தின்னே உடம்பு வளத்தவன். எனக்கு அவனுகளைப் பாத்தாலே அருவருப்பா இருக்கும் அண்ணாச்சி. ஒருத்தனுக்கும் மொழி மேல ஒரு பக்தி கிடையாது.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன வருஷம் ஐப்பசி. நல்ல மழை. எங்க ஊருல பொன்ராஜ் அண்ணாச்சின்னு ஒரு கான்ட்ராக்டர், கல்யாண மண்டபம் கட்டிக்கிட்டு இருந்தாரு. பெரிய மனுஷன். பொங்கல், தீவாளின்னா நம்ம பேப்பருக்கு முழுப் பக்கம் வாழ்த்து விளம்பரம் கொடுப்பாரு. மண்டபத்துக்குப் பின்னால கக்கூஸ் தொட்டிக்கு ஒரு குழி தோண்டிப் போட்டிருந்தாரு. அதை ஒட்டி நாலஞ்சு லைன் வீடு. மழைத் தண்ணி குழியில நிறைஞ்சு போச்சு. மூடியும் இல்ல, கம்பு கூட நடல. லைன் வீட்டுல இசக்கியம்மாள்னு ஒருத்தி. அவ பிள்ளை தர்ஷன், நாலு வயசு. விளையாடிக்கிட்டே போனவன் விழுந்துட்டான்.

நான்தான் போனேன். நான் போகையில பிள்ளையை வெளிய எடுத்துப் போட்டிருந்தாங்க. ஒரு கால்ல மட்டும் செருப்பு. அவ மண்டையைத் தரையில போட்டு இடிச்சுக்கிட்டுக் கிடக்கா. "எம்மா, சம்பவம் நடக்கையில நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்திய?"ன்னு ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேட்டதுக்குப் பக்கத்துல நின்ன கிழவன் என்னைப் பிடிச்சுத் தள்ளினான். நான் என் வேலையைப் பாக்கேன், இவனுக்கு என்ன?

ஆறு மணிக்குச் செய்தி போகணும். மதுரை ஆபீஸுல, செய்தி திருத்துத டெஸ்க்குல இருந்து ரகுநாதன் சார் போன் மேல போன். "எப்படி விழுந்தான்? தாய் எங்க இருந்தா?" குழி இருந்துச்சு, பிள்ளை விழுந்துச்சு, செத்துட்டு. இம்புட்டுத்தான்னா அது செய்தியா? மூணு வரியில முடிஞ்சிரும். வாசிக்கவன் பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிருவான். ஒரு காரணம் வேணும். அவ வீட்டு வாசப்படியில ஒரு செல்போன் கிடந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். சும்மா ஒண்ணும் எழுதல.

எழுதினேன்: "செல்போன் பேச்சில் மூழ்கியிருந்த தாயின் செவிகளில், தண்ணீரில் மூழ்கிய மகனின் கடைசிக் குரல் விழவே இல்லை."

எப்படி? சொல்லுங்க, எப்படி? மூழ்கியிருந்த, மூழ்கிய. இன்னைக்கு வரைக்கும் அந்த மாதிரி ஒரு வரி எனக்கு அமையல. அஞ்சு பேப்பர்லயும் அதே வரி. அடுத்த நாள் டிவிக்காரன் அதையே பெருசா எழுதி ஓட விட்டான். ஒரு காலேஜுல செல்போன் தீமைன்னு பேச்சுப் போட்டி வச்சு, அந்த வரியில இருந்துதான் ஆரம்பிச்சாங்களாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுட்டு.

பொன்ராஜ் அண்ணாச்சி சொல்லி எழுதினேன்னு நாக்குல நரம்பில்லாம பேசுதவன் இருக்கான். சத்தியமாச் சொல்லுதேன், அவரு ஒண்ணுமே சொல்லல. அங்கன குழிப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. என் தோள்ல கைபோட்டு, "பாத்து எழுது தம்பி"ன்னாரு. அம்புட்டுத்தான். பாத்து எழுதச் சொல்லுதது தப்பா?

ஒரு வாரம் கழிச்சு டீக்கடைக்கு வந்து நிக்கா அண்ணாச்சி, அந்த இசக்கி. தலை வாரல, எண்ணெய் இல்ல. என்ன சொல்லுதா தெரியுமா? "அய்யா, எங்கிட்டப் போனே கிடையாதய்யா. அது ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டு அக்கா போனு. நான் பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். இலையை வெட்டிட்டு நிமிந்து பாத்தேன், பிள்ளையைக் காணோம். அதை எழுதுங்கய்யா."

இதுல எழுத என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க! எங்க பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுத்துதாங்க. மடியில தட்டை வச்சுக்கிட்டு இலை வெட்டினா, நிமிந்து பாத்தா. ஒரு வரி நிக்குமா அதுல? நான் பொறுமையாத்தான் சொன்னேன், "எம்மா, அஞ்சு பேப்பர்ல வந்துட்டு. அஞ்சு பேரும் தப்பாவா எழுதுவான்?" அவ பெஞ்சுல இருந்த அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தரா பாத்தா. பெறவு கேட்டா, "அந்த அஞ்சு பேருல யாருய்யா என் வீட்டுக்கு வந்தது?" ஜான்பீட்டரு டீயைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான், கோழை.

பெறவு வாராவாரம் வந்தா. சுத்தின பீடிக் கட்டைக் கடையில போட வாரப்பம் டீக்கடைப் பக்கம் ஒரு எட்டு. சத்தம் போட மாட்டா, ஏச மாட்டா. வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டு என் கையைப் பாத்துக்கிட்டே இருப்பா, பேனா பிடிக்கிற கையை. நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியுமா மனுஷனுக்கு? நான் கடை மாத்தலாமான்னு கூட யோசிச்சேன்.

அவ புருஷன் மாரியப்பன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. அவனும் பேப்பரைப் பாத்துட்டுத்தான் ஊருக்கு வந்திருக்கான். பிள்ளையைப் புதைச்ச மண்ணு காயல. "எனக்குத் தெரியாம ஏதுடி போனு? எவன்கிட்டடி பேசிக்கிட்டு இருந்த?"ன்னு அடிச்சிருக்கான். அவ இல்லன்னு சொன்னா பேப்பரை மூஞ்சியில வீசுதான். பதினாறாம் நாள் முடிச்சிட்டுத் திரும்பப் போனவன்தான், வரல. பாத்தியளா, என்ன ஜென்மம்! ஒரு பேப்பர்ல நாலு வரி வாசிச்சிட்டு பொண்டாட்டியைச் சந்தேகப்படுதவன் எல்லாம் ஒரு ஆம்பளையா? எனக்கு அவனை நினைச்சாலே காறித் துப்பலாம்னு வருது. ஊரு மட்டும் என்ன, அவளுக்குப் போன்காரின்னு பேரே வச்சிட்டு. ஒரு வீட்டுல விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. பிள்ளைகளை அவகிட்ட விட மாட்டாங்க. ஈவு இரக்கம் இல்லாத சனங்க அண்ணாச்சி.

போலீஸ் கேஸும் அப்படியே அமுங்கிட்டு. குழியை மூடாமப் போட்டதுக்கு கேஸ் போடணும்னு லைன் வீட்டுக்காரங்க மனு கொடுத்தாங்க. பேப்பர் கட்டிங்கை எல்லாம் ஃபைல்ல வச்சு, தாயோட கவனக்குறைவுன்னு முடிச்சிட்டாங்க. என் வரிக்குக் கீழ கோடு போட்டு வச்சிருந்தாங்கன்னு ஏட்டு சொன்னாரு. அதைக் கேட்டு எனக்குப் பெருமையா இருந்துச்சுன்னு உங்ககிட்ட மறைக்க மாட்டேன். போலீஸ்காரங்க கூட நல்ல தமிழை மதிக்காங்களேன்னு.

இப்படி எட்டு மாசம் போச்சு. பீடிக் கடையில கணக்கெழுதுத பிள்ளை ஒண்ணு, அவளுக்காக மதுரை ஆபீஸுக்கு லெட்டர் எழுதிப் போட்டுட்டு. ரகுநாதன் சார் ரிட்டயர்டு ஆகி, புதுசா ஒரு அம்மா டெஸ்க்குல வந்திருந்தாவ. போன் போட்டு, "அந்தப் பெண்ணிடம் போன் இருந்ததா, இல்லையா?"ன்னாவ. "மேடம், சம்பவ இடத்தில் ஒரு போன் இருந்தது"ன்னேன். "இருந்தது வேறு, பேசியது வேறு. திருத்தம் எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்." பதினெட்டு வருஷம் உழைச்சவனைப் பாத்து ஒரு நிமிஷத்துல சொல்லுதாவ!

திருத்தம்னா என்ன தெரியுமா? உள்பக்கத்துல, ஒரு மூலையில, தவறுக்கு வருந்துகிறோம்னு ரெண்டு வரி. யாரு வாசிப்பா? அவளுக்குத்தான் அதுல என்ன லாபம்? நான் யோசிச்சேன். ஒரு திருத்தத்துக்குப் பதிலா அவளைப் பத்தி அரைப் பக்கக் கட்டுரையே எழுதிருவோம். அவ களங்கம் எல்லாம் கழுவிப் போயிரணும். எட்டு மாசம் என் முன்னால வந்து நின்னவளுக்கு நான் செய்யணுமா வேண்டாமா?

"ஒரு தாயின் விளக்கு"ன்னு தலைப்பு. தொலைதூரத்தில் உழைக்கும் கணவனின் நலனுக்காக அன்று அவள் அம்மன் சந்நிதியில் நெய்விளக்கு ஏற்றச் சென்றிருந்தாள், அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே வீட்டின் விளக்கு அணைந்துவிட்டது. அண்ணாச்சி, எழுதுகையில எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு. ஆட்டைப் பத்தி எழுதின அன்னைக்கு வந்த மாதிரியே. போனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எதுக்குப் பழசைக் கிளறணும்? பீடியையும் எடுத்துட்டேன், அது படிக்கவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். குழியைப் பத்தி "விதி தோண்டிய குழி"ன்னு நாசூக்கா முடிச்சுட்டேன். கோயிலுக்குப் போயிருந்தான்னா போன்ல பேசலன்னுதானே அர்த்தம்னு மேடம்கிட்டச் சொன்னேன், அவுகளும் சரின்னு போட்டுட்டாவ.

மறுநாளு அவ டீக்கடைக்கு வாரா. கையில பேப்பரு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, கணக்கெழுதுத பிள்ளை வாசிச்சுக் காட்டியிருக்கா. சரி, கும்பிட வாரான்னு நான் எந்திரிச்சு நிக்கேன். "அய்யா, நான் எந்தக் கோயிலுக்கும் போகலையே"ங்கா. "இந்தப் பொம்பளையும் நான் இல்லையே அய்யா"ங்கா.

கேட்டியளா?

நன்றின்னு ஒரு வார்த்தை இல்ல. அதுக்குப் பெறவு புருஷனும் போன்ல பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்லியிருக்கான், "அன்னைக்குப் போன்ல பேசுனான்னு போட்டான், இன்னைக்குக் கோயிலுக்குப் போனான்னு போடுதான். நாலு வயசுப் பிள்ளையை விட்டுட்டு எவன் கூடக் கோயிலுக்குப் போனான்னு அவளைக் கேளு"ன்னு. ஊருலயும் அதே பேச்சு. மொத ஒண்ணு சொன்னா, இப்பம் ஒண்ணு மாத்திச் சொல்லுதா, ரெண்டுமே பொய்யாத்தான் இருக்கும்ங்கான். அவ எங்க சொன்னா? நான்லா எழுதினேன். அது கூட விளங்காத சனம். இதுகளுக்கு எழுதணும்னு தலையெழுத்து எனக்கு.

மன்றத்துக்காரங்க மட்டும் அந்தக் கட்டுரையைப் படிச்சு அழுதாங்களாம். விருது அறிவிச்சுட்டாங்க. "அந்தத் தாயையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்க, கௌரவிப்போம்"ன்னாங்க. நான் கேட்டப்பம் அவ மடியில இருந்த பீடித் தட்டைக் கீழ வச்சா. பெறவு, "அங்கன பேப்பர்க்காரங்க வருவாங்களா?"ன்னு கேட்டா. "எல்லாருமே வருவாங்க"ன்னேன். "அப்பம் வாரேன்"னுட்டா. எனக்கு அப்பமே உறைச்சிருக்கணும்.

தலைமை விருந்தினர் யாருங்கிய? பொன்ராஜ் அண்ணாச்சி. மண்டபம் திறந்தாச்சுல்லா, அவருதான் விழாவுக்கு எல்லாச் செலவும். மேடையில அவளுக்குப் பொன்னாடை போத்தினதும் அவருதான். எவ்வளவு பெரிய மனசு பாருங்க, தன் இடத்துல செத்த பிள்ளையோட தாய்க்குத் தன் கையாலயே போத்துதாரு. கூட்டம் கைதட்டுது. அவ சிலை மாதிரி நிக்கா. தோளுல பட்ட கையை விலக்கவும் இல்ல, கும்பிடவும் இல்ல.

ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினாங்க. மைக்கை அவ ரெண்டு கையாலயும் பிடிச்சா. சொன்னா, "எனக்குப் போன் கிடையாது. அன்னைக்கு நான் கோயிலுக்கும் போகல. வீட்டு வாசல்ல பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். குழி ஒரு மாசமாத் திறந்து கிடந்துச்சு. மூடச் சொல்லி நான் ரெண்டு வாட்டி போய்ச் சொன்னேன், இந்தா நிக்காவளே, இவுககிட்டத்தான் சொன்னேன். இதை யாராவது எழுதுங்கய்யா."

முன்வரிசையில நம்ம பயலுவ நாலு பேரும் உக்காந்திருக்கான், மத்த ஊரு நிருபர்களும் இருக்கான். ஒருத்தன் பேனாவைத் திறக்கல. பொன்ராஜ் அண்ணாச்சி முகம் கறுத்துப் போச்சு. நிகழ்ச்சி நடத்துத பிள்ளை கெட்டிக்காரி, மைக்கை வாங்கி, "தாயுள்ளம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, ஒரு பலத்த கைதட்டல்!"னா. எல்லாரும் தட்டினான். நானும் தட்டினேன், என்ன செய்ய? அதுதான் அண்ணாச்சி நான் சொன்ன கூத்து. இவ்வளவு செஞ்சும் மேடையில வச்சு என் எழுத்தைப் பொய்யின்னுட்டாளே. சீ.

அவ எங்கன்னா கேக்கிய? சத்தமாப் பேசாதீய. அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, ஜன்னல் ஓரம், ஊதாச் சேலை. கூட்டிட்டுப் போன நான்தானே திரும்பக் கொண்டு விடணும்? டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன், பக்கத்துல உக்காரல. திரும்பிக் கூடப் பாக்கல. இங்கன பேசுதது அங்க கேக்காது, பஸ்ஸு சத்தம் அப்படி.

இப்பம் கூத்தைக் கேளுங்க. பஸ் ஏறினதுல இருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. ஜான்பீட்டரு குரூப்புல போட்டிருக்கான், "தவசி, விழாச் செய்தி சீக்கிரம்." நாலு பேரும் அங்கனதான் உக்காந்திருந்தான்! கண்ணால பாத்தான், காதால கேட்டான். இருந்தும் நான் எழுதித் தந்தாத்தான் அனுப்புவானாம். என்ன நடந்துச்சுன்னு அவனுக்கே நான் சொல்லணும். அருவருப்பா இல்ல உங்களுக்கு? நீங்க பேசிக்கிட்டு இருக்கையிலேயே, இல்ல, நான் பேசிக்கிட்டு இருக்கையிலேயே பாதி அடிச்சுட்டேன். கேளுங்க:

"சிறந்த மனிதநேயச் செய்தியாளர் விருது வழங்கும் விழாவில், தொழிலதிபர் பொன்ராஜ் பொன்னாடை அணிவித்துக் கௌரவித்தபோது, தாய் இசக்கியம்மாள் நாத்தழுதழுக்க, கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது."

அவ அழலையேங்கியளா? மனசுக்குள்ள அழுதிருப்பா அண்ணாச்சி. நன்றியும் மனசுக்குள்ள இருக்கும். வெளிய சொல்லத் தெரியாத சனம், நாமதான் சொல்லிக் கொடுக்கணும். குழி, பீடி, போன் இதெல்லாம் எழுதினா யாருக்கு நல்லது? செத்தவன் வரப் போறானா? அவ மானமும் போகும், மண்டபத்து மேல ஒரு கெட்ட பேரும் வரும். ஆனா முடிவு இன்னும் அமையல. கடைசி வரி வரணும். கடைசி வரி இல்லாம நான் எதையும் அனுப்பினதில்ல.

மேலப்பேரி விலக்கு வந்துட்டு. நான் அடுத்த ஸ்டாப்பு, டவுனுக்குள்ள. அவளுக்கு இங்கனதான். இறங்குதா பாருங்க, இந்தப் பக்கம் ஒரு பார்வை இல்ல. போறா, போகட்டும்.

எண்ணே, கண்டக்டர் அண்ணே! அது என்ன, அந்தச் சீட்டுல? பொன்னாடையா? விட்டுட்டுப் போயிட்டாளா? ஏ இசக்கி! எம்மா! கேக்காத மாதிரியே நடக்கா. ரைட் கொடுத்துட்டான். விடுங்கண்ணே, அதை இங்க கொடுங்க, என்கூட வந்த பொம்பளைதான். மடிப்புக் கூடக் கலையாம வச்சிட்டுப் போயிருக்கா. மறந்திருப்பா. மறதிதான், வேற என்ன? பாருங்க அண்ணாச்சி, நல்ல ஜரிகை. ஷீல்டுக்கு மேல சுத்தி வச்சா கீறல் விழாது.

இருங்க, இருங்க. வந்துட்டு. கடைசி வரி வந்துட்டு. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தேன். அடிச்சுட்டு வாசிக்கேன், ஒரு நிமிஷம்.

"மேடையில் கிடைத்த பொன்னாடையை, இழந்த மகனையே மீண்டும் பெற்றதுபோல் நெஞ்சோடு அணைத்தபடி இசக்கியம்மாள் ஊர் திரும்பினார்."

எப்படி? போட்டுட்டேன், போயிட்டு. அந்தா பாருங்க, ஜான்பீட்டரு கட்டை விரலைத் தூக்கிட்டான். ரெண்டு, மூணு, நாலு. நாளைக்குக் காலையில அஞ்சு பேப்பர்லயும் வாசிச்சுக்கிடலாம். என்ன அண்ணாச்சி, எந்திரிச்சுட்டிய? தென்காசிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கு. அவ சீட்டுலயும் ஆளு உக்காந்தாச்சு. இவ்வளவு தூரம் நின்னுக்கிட்டேவா வரப் போறிய?